சவரியார் போட்ட கட்டு

வலதுகாலில் செருப்பு இல்லை என்பது மரியபுஷ்பத்துக்கு ஊடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் அவளாகப் பார்க்கவில்லை. வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் லிடியாதான் கேட்டாள்.

"ஏனுங்கத்தை, ஒத்தச் செருப்போட வாரீங்க?"

குனிந்து பார்த்தாள். இடதுகாலில் செருப்பு இருந்தது. வலதுகால் வெறுங்காலாக, புறங்காலெல்லாம் புழுதி அப்பி, பெருவிரல் நகத்தோரம் ரத்தம் காய்ந்து கிடந்தது. வெங்காய வேலைக்குப் போன அன்பழகன் தோட்டத்திலிருந்து ஊட்டுக்கு ஒன்றரை மைல் இருக்கும். எந்த இடத்தில் கழன்றது, எந்தக் கல்லில் இடித்தது, ஒன்றும் தெரியவில்லை. அட, செருப்பு கழன்று போனதுகூடவா ஒரு மனுஷிக்குத் தெரியாமல் போகும்!

"மரத்துப் போச்சு கண்ணு. காத்தாலயிருந்து குத்த வெச்சே உக்காந்திருந்தமல்ல. செத்த நேரம் நடந்தா செரியாயிரும்."

"நடந்துதானுங்களே வந்தீங்க" என்றாள் லிடியா.

மாசி கடைசியில் புதுச்சத்திரம் பக்கம் சின்னவெங்காயம் ஒரே மூச்சாக வந்து விழும். பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயத்தின் தலையில் இருக்கிற தாளை அரிவது பொம்பளைகள் வேலை. குவியலைச் சுற்றிப் பத்துப் பேர் குத்தவைத்து உட்கார்ந்தால், இடது கையில் நாலு வெங்காயம், வலது கையில் கத்தி, சரக் சரக்கென்று பொழுது போய்விடும். எழுந்து நடந்து இடம் மாறுகிற பழக்கம் கிடையாது. குத்தவைத்தபடியே வாத்து மாதிரி நகர்ந்து அடுத்த குவியலுக்குப் போவார்கள். உட்கார மணைக்கட்டை கொண்டுவந்தால், "மகாராணி சிம்மாசனத்தோட வந்துட்டாங்க, ஆரத்தி எடுங்க" என்று அன்றைக்கெல்லாம் கேலி நடக்கும். அதனாலேயே எவளும் கொண்டுவர மாட்டாள். மரியபுஷ்பம் ஆறு நாளாகத் தாள் அரிந்தாள். அதோடு ஈஸ்டருக்கு முந்தின தவக்கால நோன்பு வேறு. மகன் அலெக்ஸ் போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு ஒடிசாப் பக்கம் போய் எட்டு மாசமாகியிருந்தது. அவன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று இந்த வருசம் சாம்பல் புதனிலிருந்தே ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. இத்தனை காலத்தில் உடம்பு இப்படி இளைத்ததே இல்லை.

பொழுது விடிந்ததும் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க வரவில்லை. காலை எடுத்து வைத்தால் நுனி தொங்கிப் போய்த் தரையில் மாட்டியது. முட்டியை உயரத் தூக்கி வைத்தால் பாதம் பட்டென்று தரையில் அறைந்தது. அடுப்படிக்குப் போய் வருவதற்குள் ரெண்டு தடவை தடுக்கிவிட்டது. பயம் வந்துவிட்டது அவளுக்கு.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. என்ர கால் என்ர பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

புருசன் சவரியார் வந்து உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுற்றுப்பட்டில் பத்து ஊருக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். புதனும் ஞாயிறும் அவர் வாசலில் கூட்டம் நிற்கும். கபடியில் மணிக்கட்டைப் பிசக்கிக்கொண்டவன், லாரியிலிருந்து குதித்துக் குதிகாலைத் திருப்பிக்கொண்டவன், கோழிப்பண்ணையில் வழுக்கி விழுந்தவன் எல்லாரும் வருவார்கள். கைநீட்டிக் காசு வாங்க மாட்டார். முட்டையும் வெத்தலைபாக்கும் கொண்டுவந்தால் போதும். சும்மா சொல்லக்கூடாது, பிசகையும் சுளுக்கையும் எத்தனையோ பேருக்கு அவர் சரியாக்கித்தான் இருக்கிறார். அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து.

கணுக்காலைச் சுற்றிக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நரம்பு எடம் மாறி ஏறிக்கிச்சு புள்ள. குத்த வெச்சுக் குத்த வெச்சு, கீழ இருக்க வேண்டியது மேல ஏறிப்போச்சு. இருபத்தோரு நாள் கட்டு. குதிரையாட்டம் ஓடுவ."

"வலியே இல்லீங்களே. பிசகியிருந்தா வலிக்கோணுமில்ல?"

"வலி செத்துப்போற அளவுக்குப் பிசகிருக்குது. அதான் இறுக்கிக் கட்டோணும்."

லிடியா கதவோரம் நின்றிருந்தாள். "மாமா, ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிரலாமுங்க. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் கால் இழுத்துச்சு, பாத்தா வாதம்."

"வாதம்னா கையும் வாயும் சேந்து இழுக்கும் சாமி. உங்கத்தை வாய்க்கு என்ன கேடு வந்துச்சு? நல்லாத்தான் பேசறா."

மரியபுஷ்பமும் சிரித்தாள். லிடியா விடவில்லை. சவரியாருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"இத பாரும்மா. ஊரு சனமெல்லாம் கையைக் காலை ஒடிச்சுக்கிட்டு என்ர ஊட்டுக்கு வருது. நான் என்ர பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா, நாளைக்கு எவன் வருவான்?"

நாட்டுக்கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்தார். பழைய வேட்டியைக் கிழித்து அதில் தோய்த்தார். மூங்கில் பத்தை நாலு, முட்டிக்குக் கீழே இருந்து கணுக்கால் வரைக்கும். சுற்றிச் சுற்றி இறுக்கினார். வெளிப்பக்கப் பத்தையின் மேல் நுனி, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற எலும்புக் குமிழ்மேல் சரியாக உட்கார்ந்தது. ரெண்டு முடிச்சுப் போட்டு, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தார். வெளியாளுக்கு இவ்வளவு இறுக்கமாட்டார். பொண்டாட்டி கால் என்று பார்த்துப் பார்த்து, ஒரு சுற்று அதிகமாகவே சுற்றினார்.

மூன்றாம் நாள் அந்தக் குமிழில் எரிச்சல் எடுத்தது. முட்டியிலிருந்து பெருவிரல் வரைக்கும் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் தளத்தி உடுங்க. உசுரு போகுது."

"எரியட்டும். செத்துக் கெடந்த நரம்புக்கு உசுரு வருது, அதான் எரியுது. இப்ப அவுத்தா பட்ட பாடெல்லாம் வீணு."

ரெண்டாவது வாரம் எரிச்சல் நின்றது. "பாத்தியா? செரியாப் போச்சுன்னு அர்த்தம்" என்றார் சவரியார். அவளும் நம்பினாள். அந்தக் கை எத்தனை பேரை எழுப்பி நடக்கவிட்டது என்று இருபத்தெட்டு வருசமாகக் கண்ணால் பார்த்தவள் அவள். நம்பாமல் என்ன செய்வாள்? காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்து லிடியாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். ஒரு வேளைக் கஞ்சியை மட்டும் விடவில்லை.

கட்டுப் பிரிக்கிற நாளைச் சவரியார்தான் குறித்தார், பெரிய வியாழன். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள். முன்பெல்லாம் ஆம்பளைகள்தான் உட்காருவார்கள். இப்போது பொம்பளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் முன்கூட்டியே பங்குச் சாமியாரிடம் போய் மரியபுஷ்பத்தின் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். "ஊரே பாக்கட்டும்" என்றார். அவருக்கு இருந்த சந்தோசத்தைப் பார்த்து அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

மத்தியானம் கட்டைப் பிரித்தபோது கால் வெளிறி, குச்சியாக இளைத்து, முட்டிக்குக் கீழே அந்தக் குமிழில் கறுப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாதம் அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இத்தனை நாளு கட்டுக்குள்ள கெடந்த காலு. நடக்க நடக்க நிமிந்துக்கும்" என்றார்.

கோயில் நிறையச் சனம். பேர் வாசித்ததும் மரியபுஷ்பம் நடுவழியில் நடந்து போனாள். டப், டப் என்று அவள் பாதம் சிமெண்டுத் தரையில் அறைகிற சத்தம் பாட்டுக்கு நடுவிலும் கேட்டது. பெஞ்சிலிருந்து தலைகள் திரும்பின. நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது வேர்த்துக் கொட்டியது. சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து மண்டியிட்டார். அவள் பாதத்தைக் கையில் ஏந்தி, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் விழுகிறது, புறங்காலில் ஓடுகிறது, விரலிடுக்கில் இறங்குகிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் வழிந்தபோதுதான் ஜில்லென்றது. சாமியார் துண்டால் துடைத்து, குனிந்து புறங்காலில் உதடு பதித்து முத்தி செய்தார். அதுவும் தெரியவில்லை. மாதாவே, இது யாருடைய கால் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எழுந்து திரும்புகையில் பாதத்தின் நுனி நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. மரியபுஷ்பம் தண்ணீர்ப் பேசின்மேல் குப்புற விழுந்தாள். பேசின் கவிழ்ந்து பீடத்தடியெல்லாம் தண்ணீர். பாட்டு நின்றுபோயிற்று. கூட்டத்திலிருந்து ஓடி வந்து தூக்கியவள் லிடியா. ஆம்பளைகள் பக்கம் முதல் வரிசையில் நின்ற சவரியார் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். லிடியா யாரையும் கேட்கவில்லை. அவளே நரம்பு டாக்டரைக் கண்டுபிடித்து, போனில் டோக்கனும் போட்டிருந்தாள். சவரியார் கூப்பிடாமலே கூட வந்தார்.

டாக்டர் தீனதயாளனுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். ஸ்கேன், எக்ஸ்ரே என்று ஒன்றும் கேட்கவில்லை. "நடந்து காட்டுங்கம்மா" என்றார். நடந்தாள். குதிகாலில் நிற்கச் சொன்னார். முடியவில்லை. முன்காலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கச் சொன்னார். அது முடிந்தது. பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினாள். வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். அது வரவில்லை. படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்தி, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை. சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார், கால் துள்ளியது. குண்டூசியால் தொட்டுத் தொட்டு, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று கேட்டுப் பேனாவால் கோடு போட்டார். கோடு முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தொடங்கிப் புறங்கால் வரைக்கும் வந்தது.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?"

"வெங்காயத்தாள் அரியறதுங்க சாமி."

"எப்படி உக்காந்து?"

இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் படுக்கையிலிருந்து இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து காட்டினாள்.

"எத்தனை மணி நேரம்?"

"விடிஞ்சு போனா பொழுது உழுகற வரைக்குமுங்க."

"உடம்பு இளைச்சுதா?"

"இளைச்சிட்டாங்க சார். ஒரு வேளைதான் சாப்பிடறாங்க" என்றாள் லிடியா.

டாக்டர் குமிழைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க. காலைத் தூக்கற நரம்பு இந்த எலும்பைச் சுத்தித்தான் போகுது. இந்த எடத்துல தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல அதுக்கு மெத்தையே கிடையாது. குத்த வெச்சு உக்காந்தா நசுங்கும். சதை இளைச்சுட்டா இன்னும் நசுங்கும். இது வாதமும் இல்ல, இடுப்பு எலும்புத் தேய்மானமும் இல்ல. சரி, இந்தக் கறுப்புத் தழும்பு எப்படி வந்துச்சு?"

மரியபுஷ்பம் சேலையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். சுவரில் மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது.

"கட்டுப் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"யாரு போட்டது?"

மரியபுஷ்பம் நிமிரவில்லை. புருசன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவராகச் சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தாள்.

"நானேதானுங்க சாமி கட்டிக்கிட்டேன்" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, அறிவிருக்கா உங்களுக்கு? நசுங்கின நரம்பு மேல கட்டையை வெச்சு யாராச்சும் கட்டுவாங்களா? எத்தனை நாள் இருந்துச்சு?"

"மூணு வாரமுங்க."

"எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுதுங்க."

"அப்ப அவுத்திருந்தாக்கூட பொழைச்சிருக்கும். எரியறதுன்னா நரம்பு சாகறதுக்கு முன்னாடி கத்துதுன்னு அர்த்தம்."

லிடியா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். கணுக்கால் பக்கம் வைத்தபோது புறங்காலில் துளியூண்டு துடித்தது. முட்டிக்கு மேலே வைத்தபோது அதுவும் இல்லை. டாக்டர் அந்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு பேசினார். முதல் வாரத்திலேயே வந்து, குத்தவைக்கிறதை நிறுத்தி, வயிறாரச் சாப்பிட்டிருந்தால், மருந்துகூட வேண்டாம், ரெண்டு மூணு மாசத்தில் அதுவாகவே பெரும்பாலும் சரியாகியிருக்கும். இப்போது உள்ளே நரம்பிழையே அறுந்திருக்கிறது. அது மேலேயிருந்து மெல்ல வளர்ந்து வரவேண்டும். ஒரு வருசம் ஆகலாம். பாதி வரலாம், வராமலும் போகலாம். பாதம் தொங்காமல் இருக்கச் செருப்புக்குள் போடுகிற பிளாஸ்டிக் தாங்கி ஒன்று எழுதிக் கொடுத்தார். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது என்றார். மூணு மாசம் பார்த்துவிட்டு அசைவு வரவில்லை என்றால், ஆபரேசன் பண்ணி நரம்பைச் சுற்றியிருக்கிற இறுக்கத்தை எடுத்துவிடலாம் என்றார்.

"இனிமே குத்த வெச்சு ஒக்காரக் கூடாது. கால்மேல கால் போடக் கூடாது. கட்டு கிட்டுன்னு முட்டிக்குக் கீழ ஒண்ணும் இறுக்கக் கூடாது. புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் லிடியா சன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பஸ் மல்லூரைத் தாண்டியது. சவரியார் பொண்டாட்டி பக்கம் குனிந்து கேட்டார்.

"பசிக்குதா? எறங்குன ஒடனே டிபன் வாங்கியாரட்டுமா?"

ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். "தப்புப் பண்ணிப்போட்டேன் புள்ள" என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் சொன்னது டிபன். அவளுக்கு நெஞ்சு கசந்து போயிற்று. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை வழக்கம்போல வாசலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். கோயிலில் விழுந்த கதை அதற்குள் புதன்சந்தை வரைக்கும் போயிருந்தது. கறிக்கடை ஜெயபிரகாஷ் தோள்பட்டை பிசகி வந்திருந்தான். அவன்தான் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, அக்கா கால் எப்படி இருக்குது? என்னமோ வாதம்னு பேசிக்கிறாங்க."

"வாதமாவது மண்ணாவது. நல்லா வந்துக்கிட்டிருந்த காலு. சேலத்துக்குக் கூட்டிப் போனாங்க. கரண்டு வெச்சாங்க. உள்ள இருந்த நரம்பைப் பொசுக்கிப்புட்டாங்க. இப்ப பிளாஸ்டிக்கை மாட்டி உட்டிருக்கறாங்க."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தாங்கியின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பத்தின் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. லிடியா துள்ளிக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள். மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ பேசாத கண்ணு. மருமக பேசினா அது சண்டையாப் போயிரும். நான் போறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். அதற்குள் பாவாயி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அன்பழகன் தோட்டத்தில் மரியபுஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அரிகிறவள்.

"ரெண்டு நாளாச்சுங்கண்ணா. செருப்பு கழண்டு கழண்டு போகுது. காலு தூக்க மாட்டேங்குது. பொழுதுக்கும் குத்த வெச்சது பிசகிப்போச்சாட்ட இருக்குது."

மரியபுஷ்பம் பாவாயியின் காலைப் பார்த்தாள்.

"பாவாயி, எந்திரி" என்றாள். "எனக்கு வந்ததேதான் உனக்கும் வந்திருக்குது. கட்டாத. குத்த வெக்காம வயிறாரத் தின்னுக்கிட்டு ரெண்டு மாசம் இருந்தா அதுவாவே செரியாயிரும், டாக்டர் சொன்னாரு. கட்டித்தான் என்ர காலு போச்சு."

சவரியாரின் கை முட்டைக் கிண்ணத்திலேயே நின்றது.

பாவாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்கக்கா, கட்டுன புருசனையே சபையில வெச்சு இப்படிப் பேசறீங்க? அண்ணன் கை பட்டு எங்கப்பன் நடந்தாரு. கரண்டு வெச்சுக் கெடுத்தது ஆஸ்பத்திரிக்காரன், பழி இவருக்கா? ரெண்டு மாசம் சும்மா உக்காந்தா என்ர ஊட்டுல ஒலை கொதிக்குமா? நீங்க கட்டுங்கண்ணா. நாளைக்கு மறுநா நான் காட்டு வேலைக்குப் போவோணும்."

சவரியார் பொண்டாட்டியைப் பார்க்கவில்லை. துணியைத் தோய்த்தார். பாவாயியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கணுக்காலிலிருந்து சுற்றத் தொடங்கினார். மரியபுஷ்பம் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

மூங்கில் பத்தையை அவர் எடுக்கவே இல்லை. துணி பாதிக்காலில் நின்றுவிட்டது. முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை வெறுமனே விட்டிருந்தார், அந்தக் குமிழ் வெளியே தெரிந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு, உள்ளே ரெண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போயிற்று. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

பாவாயிக்குக்கூடச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னங்கண்ணா, இவ்வளவு லேசாக் கட்டறீங்க? நிக்குமா?"

"நிக்கும். எரிஞ்சா ஒடனே அவுத்துப்போடு. காட்டுக்குப் போனா மணை போட்டு உக்காரு."

டாக்டர் சொன்ன ஒன்றையும் இந்த மனுசன் மறக்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறார். கால் போனதுகூட மரியபுஷ்பத்துக்கு இப்படி வலிக்கவில்லை.

"ஏனுங்க" என்றாள். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்குது."

அவர் கையைத் துண்டில் துடைத்தார்.

"தெரியாம என்ர காலைக் கட்டினீங்க. அதை நான் பொறுத்துக்கறேன். ஆஸ்பத்திரியில உங்க பேரை எடுக்காம நானே கட்டுனேன்னு சொல்லி, சின்னப் பையன் கையில பேச்சும் வாங்குனேன். இப்பத் தெரியுதில்ல? தெரிஞ்சதை இந்தச் சனத்துகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

சவரியார் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். வாசலில் நிற்கிற ஏழெட்டுப் பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் உதடு ஒருமுறை திறந்து மூடியது.

"அடுத்தது ஆரு சாமி, முன்னால வாங்க" என்றார்.

ஜெயபிரகாஷ் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.